சாதிக் கயிற்றைக் கழற்றச் சொல்லும் ஆசிரியருக்கு யார் துணை?

பள்ளிக்கூடத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் மாணவனின் மணிக்கட்டைத்தான் காட்டுகிறோம். வண்ணக் கயிறு, நெற்றிப் பொட்டு, மோதிரம். இவற்றைக் கண்டும் காணாமல் போகிற ஆசிரியரைத் திட்டுகிறோம். திட்டு நியாயமானதுதான். ஆனால் கண்டு, நிறுத்தி, கேட்கிற ஆசிரியருக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

2019இல் சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வி இயக்குநரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் செங்கோட்டையன் பின்வாங்கினார். சுற்றறிக்கையை நம்பி வகுப்பில் கயிற்றைக் கழற்றச் சொன்ன ஓர் ஆசிரியர் இருந்திருந்தால், அவர் அடுத்த நாள் அதே பிள்ளைகள் முன்னால் எந்த முகத்தோடு நின்றிருப்பார்? அரசு பின்வாங்கிக்கொள்ளலாம். ஆசிரியர் அதே பேருந்தில் அதே ஊருக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் சின்னத்துரையும் அவர் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். உடன் படித்தவர்கள் கொடுத்த தொல்லை பற்றிப் பள்ளியில் சொன்ன பிறகுதான் அரிவாள் வீடு தேடி வந்தது. அந்தக் கொடுமையைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, ஒரு வட்டாரத்தின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரையே அங்கு தலைமையாசிரியராக அமர்த்தாமல் இருப்பது, புகார்களைக் கவனிக்கப் பள்ளி நல அலுவலரை நியமிப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது என்று பல பரிந்துரைகள். அனைத்தும் தேவையானவை. ஆனால் எந்தப் பரிந்துரையும் வகுப்பறைக்குள் நுழையும்போது ஓர் ஆசிரியரின் தோளில்தான் ஏறுகிறது. அந்தத் தோள் தனியாக இருந்தால் சுமை கீழே விழும்.

திண்டுக்கல் சமவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் என எந்தப் பக்கம் போனாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று பள்ளிகளே பல வகையாகப் பிரிந்து கிடக்கின்றன. துறை வேறு, அதிகாரி வேறு, அதனால் வாட்ஸ்அப் குழுவும் வேறு. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இதே சிக்கலைச் சந்திக்கிற ஆசிரியரை இவர் அறியவே வழியில்லை. முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்கு வந்த ஒரு தலித் ஆசிரியை, வாடகை வீடு தேடும்போதே ‘எந்த ஊரு, எந்தத் தெரு’ என்ற கேள்வியில் தொடங்குகிறார். ஓய்வறையில் தண்ணீர்க் குவளையில் தொடர்கிறது. இதை யாரிடம் சொல்வது?

கைபேசியில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. அலுவலகக் குழுவில் எமிஸ் பதிவு முடிந்ததா என்ற கேள்வி வரும். சங்கக் குழுவில் அகவிலைப்படியும் பழைய ஓய்வூதியமும் வரும். பாடக் குழுவில் வினாத்தாள் வரும். இவையெல்லாம் வேண்டியவையே. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் நடத்திய ஆசிரியர்கள் ஒன்றுதிரளும் வலிமையைக் காட்டியவர்கள்தான். ஆனால் சத்துணவு நேரத்தில் சில பிள்ளைகள் தள்ளி உட்கார்கிறார்கள், என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை தன் குழுவில் கேட்டார். ‘குழுவில் தேவையற்ற பதிவுகளைத் தவிர்க்கவும்’ என்று கைகூப்பும் படத்தோடு பதில் வந்தது. அதே குழுவில் விடிந்தால் சாமி படமும், குருபூஜை வாழ்த்தும் தடையில்லாமல் வரும். ஆக, சாதி வாழ்த்துச் செய்தியாக வரலாம், கேள்வியாக வரக் கூடாது.

ஆதரவு தரும் ஆசிரியர் கூட்டமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள். 2021 ஜனவரியில் இங்கு ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள, பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் தொடர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. உலகத் தொழிற்சங்க இயக்கம் இதைத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே அழைக்கிறது.

அந்த ஒப்பந்தம் ஆறுதல் வார்த்தைகளால் ஆனதல்ல. வேலைத்தளத்திலேயே தொல்லைகளைக் கண்காணிக்கத் தொழிலாளிகளுக்குப் பயிற்சி தரப்பட்டது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதி வைக்கப்பட்டது. பாலினத் தொல்லையோடு சாதிப் பாகுபாடும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. மேலாளரின் தயவை நம்பாமல் விதியை நம்பினார்கள். படித்த நாம், படிப்பைப் பாதியில் விட்டு மில்லுக்குப் போன அந்தப் பெண்களிடம் பாடம் கேட்க வேண்டிய இடம் இது.

அந்தப் பாடத்தைக் கைபேசிக்குள் கொண்டுவந்தால் சில கேள்விகள் எழும். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியத் தோழர்கள் எந்தக் குழுவில் சேரும் முன்பும் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். நிர்வாகி யார், நம் மேலதிகாரி உள்ளே இருக்கிறாரா? பெண்களும் தலித் ஆசிரியர்களும் நிர்வாகத்தில் இருக்கிறார்களா? நம் கைபேசி எண் எல்லோருக்கும் தெரியுமா? திரைப்பிடிப்பு எடுத்து வெளியே அனுப்பியவர் மீது நடவடிக்கை உண்டா? மாணவரின் பெயர், சாதி, படம் இவற்றைப் பகிரக் கூடாது என்ற விதி உண்டா? நாங்குநேரிக்குப் பிறகு இந்தக் கடைசிக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. கசிந்துபோகும் ஒரு புகார் உயிருக்கே உலையாகலாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 முதல் ஆசிரியர் தலைக்கு மேல் தொங்குகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். அரசைப் பொதுவெளியில் விமர்சிப்பது வேறு. சட்டம் தடைசெய்த தீண்டாமையை எப்படி எதிர்கொள்வது என்று சக ஆசிரியரிடம் கேட்பது வேறு. இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்ல ஒரு வழக்கறிஞர் தோழர் குழுவில் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

‘சாதியைப் பேசினால் ஒற்றுமை உடையும்’ என்பார்கள் சங்கத்தில் மூத்தவர்கள். பேசாமல் இருந்த இத்தனை ஆண்டுகளில் ஓய்வறை ஒற்றுமையாகவா இருந்தது? ‘தலித் ஆசிரியர்கள் தனியாகக் கூடினால் அதுவும் சாதிக் குழுதானே’ என்றும் கேட்பார்கள். ஆதிக்க சாதிக் குழு கூடுவது தன் இடத்தைக் காத்துக்கொள்ள. ஒடுக்கப்பட்டவர் கூடுவது அந்த இடங்களே இல்லாமல் போக. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நடுநிலை ஆகாது. அதே நேரம் தலித் அல்லாத சாதி ஒழிப்பு ஆசிரியர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் மிரட்ட வரும்போது முன்னால் போய் நிற்பது அவர்களுடைய முறை.

இது நமக்குப் புதிதுமல்ல. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ கோலார் தங்கவயல், பர்மா, தென்னாப்பிரிக்கா வரை சென்றது. முகம் பார்த்திராத மனிதர்கள் ஒரு பத்திரிகையின் வழியே ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். இன்று செய்தி நொடியில் போகிறது. ஆனால் நத்தத்தில் இருப்பவருக்கு வேடசந்தூரில் இருப்பவரைத் தெரியவில்லை.

இயக்கங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆசிரியர்கள் அம்பேத்கராகவும் பெரியாராகவும் இருக்க வேண்டும் என்று மேடையில் பேசுவதோடு நிறுத்த வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பான குழு, அதில் ஒரு வழக்கறிஞர், ஒரு மனநல ஆலோசகர், அனுபவமுள்ள இரண்டு மூன்று ஆசிரியர்கள், மாதம் ஒரு ஞாயிறு திண்டுக்கல்லில் நேரடிச் சந்திப்பு. ஒப்பந்த ஆசிரியர்களுக்கும், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு இல்லம் தேடிக் கல்வியில் பாடம் நடத்திய தன்னார்வலர்களுக்கும் அதில் சம இடம். எழுதத் தெரிந்த ஆய்வு மாணவர்களாகிய நாம் மனு எழுதிக் கொடுக்கலாம், சட்டப் பிரிவுகளைத் தமிழில் சுருக்கிக் கொடுக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஒரு கயிற்றைக் கழற்றச் சொல்லப் போகிற ஆசிரியருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவே ‘சொல்லுங்க டீச்சர், நாங்க இருக்கோம்’ என்று நாலு பேராவது பதில் எழுத வேண்டும். அந்த நாலு பேர் யார் என்பதை முடிவு செய்வோம்.