பதினான்காம் நாள்

சென்ற வாரம் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். தோட்டப் பாடசாலையில் ஆசிரியராயிருப்பவர். மணமாகி இன்னும் ஓராண்டு நிறையவில்லை. மனைவி பேராதனை மருத்துவ பீடத்தில் முதலாம் ஆண்டு மாணவி. லயத்தில் பிறந்த பெண் அவ்விடம் சேர்ந்த செய்தி கேட்டு நாங்களெல்லாம் மகிழ்ந்திருந்தோம். வந்தவர் முகத்திலோ மகிழ்ச்சியைக் காணோம்.

"சேர், விடுமுறைக்கு வந்தபோது படிப்பதற்கென்று எலும்புப் பெட்டியொன்றைக் கொண்டு வந்தாள். அம்மா திறந்து பார்த்துவிட்டார்" என்றார்.

உடற்கூற்றியல் பயில்வோர் எலும்பைக் கையில் வைத்துத்தான் அதன் மேடு பள்ளங்களை மனனஞ் செய்ய வேண்டும். எலும்பு மாலை பூண்ட ஈசனை நாள்தோறும் கும்பிடும் நாம், ஒரு தொடையெலும்பு வீட்டுக்குள் வந்ததும் நடுங்குவானேன்? ஆயினும் அத்தாயின் கலக்கத்துக்கு வேறு காரணமும் இருந்தது. மருமகள் மூன்று மாதக் கர்ப்பிணி. "பிள்ளையா, படிப்பா? ஒன்றைச் சொல்" என்று மகனைக் கேட்டிருக்கிறார். மகனுக்குப் பதில் வரவில்லை.

முதலாம் ஆண்டு எளிதன்று. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் யாவும் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் படித்துச் சென்ற பெண் ஒவ்வொரு பக்கத்தையும் இருமுறை வாசிக்கிறாள். ஐந்தாண்டுப் படிப்பு, அதன்மேல் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அத்தனை காலமும் வீட்டில் காத்திருப்பவருக்குப் பாடத்திட்டமும் இல்லை, பட்டமும் இல்லை!

அவருக்குக் கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு கணவரின் கதையைச் சொன்னேன்.

காதம்பினி என்னும் மங்கை 1883ஆம் ஆண்டு பட்டதாரியானார். அவ்வாண்டே, தமக்கு ஆசிரியராயிருந்த துவாரகாநாத் கங்குலியை மணந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்தார். துவாரகாநாத் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் உடையவர், காதம்பினியைவிடப் பதினேழு வயது மூத்தவர். பெண்ணைச் சேர்க்கத் தயங்கிய அக்கல்லூரியின் கதவைத் திறப்பிக்கப் போராடியவர்களுள் அவரும் ஒருவர். 1886இல் அம்மையார் மருத்துவரானார். 1891இல் ஒரு வங்காளப் பத்திரிகை அவருடைய ஒழுக்கத்தை இழித்து எழுதியது. கணவர் வழக்குத் தொடுத்தார். பத்திரிகை ஆசிரியருக்கு ஆறு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் கிடைத்தன. 1893இல் மேற்படிப்புக்காகக் காதம்பினி கடல் கடந்து சென்றபோது பிள்ளைகள் இந்தியாவிலேயே இருந்தனர்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1888இல் எழுதிய கடிதமொன்றில் இவரைக் குறிப்பிடுகிறார். படிக்குங் காலத்திலே தாயானவர், பேறுகாலத்துக்காகப் பதின்மூன்று நாட்களே கல்லூரிக்குப் போகாதிருந்தாராம். இந்தப் பதின்மூன்று நாட்களை நம் பெண்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. பெற்ற உடம்புக்கு ஓய்வு வேண்டும். அதற்காகப் படிப்பு ஓராண்டு பிந்தினாலும் குறையொன்றுமில்லை. என் கேள்வி வேறு. பதினான்காம் நாட் காலையில் அக்குழந்தை யார் மடியில் இருந்தது? அன்று தாய் கல்லூரிக்குப் புறப்பட்டாரென்றால், அதற்கு முன்பே அவ்வீட்டில் யாரோ அதைப்பற்றிப் பேசி முடித்திருக்கிறார்கள்.

"அதெல்லாம் கல்கத்தாப் பெரிய மனிதர்கள், சேர்" என்றார் மாணவர்.

இல்லை என்றேன். அதே துவாரகாநாத் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று, ஒப்பந்தக் கூலிகள் பட்ட துன்பத்தை நேரிற் கண்டு 'சஞ்சீவனி' பத்திரிகையில் எழுதியவர். தேயிலைக் கொழுந்தின் விலையை அறிந்த மனிதர். அவர் 1898இல் காலமானார். காதம்பினி 1922இல், கவிஞர் காமினி ராயுடன் பீகார், ஒரிசாப் பகுதிச் சுரங்கங்களில் உழைத்த பெண்களின் நிலையை ஆராயப் போனார்.

பிறகு ஒன்று கேட்டேன்: "தம்பி, உம்முடைய அம்மா என்ன வேலை செய்தார்?"

"முப்பது வருடம் கொழுந்து பறித்தார்."

"நீர் கைக்குழந்தையாயிருந்தபோது?"

"பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போனார்."

"பிள்ளையா, கொழுந்தா என்று அவரை யாராவது கேட்டார்களா?"

அவர் வெகு நேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப் போயிற்று. என் மனைவி வேறு தேநீர் கொண்டு வந்து வைத்தாள்.

புதன்கிழமை மாலை மீண்டும் வந்தார். தாயிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாராம். அம்மையார் சற்று நேரம் அழுதுவிட்டு, "பகலில் நான் பார்க்கிறேன், இரவில் யார் பார்ப்பது?" என்றாராம். "நான்" என்று மகன் சொல்லியிருக்கிறார். மனைவி பிரசவத்துக்கு எவ்வளவு காலம் விடுப்பு எடுக்கலாமென்று பீடத்தில் விசாரிக்கப் போகிறாள்.

ஒரு நிபந்தனையை மட்டும் அம்மையார் விடவில்லை. அதனால் எலும்புப் பெட்டி இப்பொழுது எங்கள் வீட்டுப் புத்தக அலுமாரியின்மேல் இருக்கிறது. உள்ளே என்னவென்று என் மனைவி இன்னும் கேட்கவில்லை.