விளையாட்டுப் பாடவேளையும் பக்கத்து இருக்கையும்

மாண்புமிகு தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பாடநூல், தேர்வு, ஆசிரியர் பணியிடம் ஆகியவை குறித்துத் தங்கள் துறைக்கு நாள்தோறும் மனுக்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஆனால் குழந்தையின் வளர்ச்சியில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எட்டாத இடங்களிலும் பங்காற்றும் ஒப்பார் குழுவைப் பற்றி, அதாவது ஏறத்தாழ ஒரே வயதும் ஒரே நிலையும் உடைய சக குழந்தைகளின் கூட்டத்தைப் பற்றி, மனுக் கொடுப்பார் அரியர். இம்மடல் அதன்பொருட்டே எழுதப்படுகிறது.

பெரியவர் சொல்லக் குழந்தை கேட்பது வீட்டிலும் வகுப்பிலும் உள்ள நடைமுறை. சம வயதினரிடையே கட்டளை செல்லுபடியாகாது என்பதால், எதையும் அவர்கள் பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா, நூஷாடெல் நகரச் சிறுவர்கள் கோலி ஆடுவதைக் கூர்ந்து நோக்கிய உளவியலறிஞர் ழான் பியாஜே, 1932இல் வெளியான தம் நூலில் இதனை விளக்கினார். ஆட்ட விதிகளை மூத்தோர் வகுத்தவை, மாற்றக்கூடாதவை என்று கருதும் சிறு பிள்ளைகள், பத்து வயதையொட்டி, விதி என்பது ஆடுவோர் செய்துகொண்ட உடன்பாடே என்றும் அனைவரும் இசைந்தால் அதனை மாற்றலாம் என்றும் உணரத் தொடங்குகின்றனர்.

இதற்குச் சான்று தேடி ஜெனீவா வரை செல்ல வேண்டியதில்லை. சா பூ த்ரீ போட்டு அணி பிரிப்பதும், அழுகுணி ஆட்டம் ஆடுபவனைக் கூடிநின்று கண்டிப்பதும், வலுவில்லாத சிறுவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு அவன் அவுட்டானாலும் கணக்கில் கொள்ளாது விடுவதும், காலையில் காய் விட்டவர்கள் மாலைக்குள் பழம் விடுவதும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆயினும் நடுவுநிலை, சலுகை, சமரசம் ஆகியவற்றைக் குழந்தை பழகிக்கொள்வது இங்கேதான். இக்கல்விக்குப் பள்ளியில் இடமளிக்கும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கடன் வாங்கிக்கொள்வது, அதிலும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும், ஊரறிந்த வழக்கம். அக்கடன் திரும்பியதாகச் செய்தியில்லை.

எனினும், ஒப்பார் குழு தானாகவே நன்மை செய்துவிடும் என்று கொள்வது பேதைமை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய வழக்கில் சிக்கியவர்களில் அவருடைய பள்ளி மாணவர்களே இருந்தனர். ஊரின் சாதிப்பிரிவினை வகுப்பறைக்குள் வந்து, யாரோடு யார் அமர்வது, யாரோடு யார் உண்பது என்பதாக உறைந்துவிட்டால், அங்கே உள்ளவர்கள் ஒத்த வயதினரே தவிர ஒப்பார் அல்லர். நாங்குநேரி நிகழ்வையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும், மாணவரை அகரவரிசைப்படி அமரவைக்கவும் பரிந்துரைத்தது. கயிற்றைப் பற்றி எழுந்த விவாதத்தில் ஒரு பங்குகூட இருக்கையைப் பற்றி எழவில்லை. உண்மையில் இரண்டாவதே ஆழமான பரிந்துரை.

தில்லியின் தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டதன் விளைவை ஆராய்ந்து பொருளியலறிஞர் கௌதம் ராவ் 2019இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வலுச் சேர்க்கிறது. ஏழை வகுப்புத்தோழர்களைப் பெற்ற வசதியான மாணவர்களிடம் ஈகைக் குணம் கூடியதையும், தொடர் ஓட்டத்துக்குத் துணை தேர்ந்தபோது ஏழை மாணவரை ஒதுக்கும் போக்கு குறைந்ததையும் அவர் கண்டார். சில பள்ளிகளில் படிப்புக் குழுக்கள் பெயரின் அகரவரிசைப்படி பிரிக்கப்பட்டிருந்தமையால், இம்மாற்றத்துக்கு நேரடிப் பழக்கம் முக்கியக் காரணம் என்பதையும் அவரால் காட்ட முடிந்தது. பிரசங்கம் செய்யாததைப் பக்கத்து இருக்கை செய்திருக்கிறது.

ஆகவே, உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு மாற்றுவதைத் தடைசெய்து, அதில் ஒரு பகுதியையேனும் விசில் ஒலிக்காத, பிள்ளைகள் தாமே விதி வகுத்து ஆடும் நேரமாக விடுமாறும், அகரவரிசை இருக்கையை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கி, ஒரே துணை நிலைத்துவிடாதபடி குறித்த காலத்துக்கு ஒருமுறை வரிசையை நகர்த்துமாறும், ஆட்டத்தில் எவரும் சேர்த்துக்கொள்ளாத குழந்தையை அடையாளம் காண ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்குமாறும் தாங்கள் ஆணையிட வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. வரும் ஜூனில் பள்ளி திறக்குமுன் ஒரு சுற்றறிக்கை போதும்.