நாயோடு போனால் சுதந்திரம், எருமையோடு போனால் ஆக்கிரமிப்பு

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திய ஒரு கேம்பர் வேன். பின்புறம் இரண்டு நாய்கள். பெங்களூரிலிருந்து லக்னோவிலுள்ள பெற்றோர் வீடு வரை பல நாள் பயணம். இத்தகைய காணொளிகள் இந்திய நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் புதிய கனவாகியுள்ளன. 'டிஜிட்டல் நாடோடி' என்ற சொல் கருத்தரங்குகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. குடும்பத்தோடும் விலங்குகளோடும் சாலையில் வாழ்வது சுதந்திரத்தின் உச்சம் என்று கொண்டாடப்படும் இதே நாட்டில், தலைமுறை தலைமுறையாக அப்படியே வாழ்ந்துவரும் மக்கள் ஆக்கிரமிப்பாளர்களாகவும் சந்தேகத்துக்குரியவர்களாகவும் நடத்தப்படுகிறார்கள். இந்த இரட்டை அளவுகோலைப் பற்றி ஆய்வுலகம் காக்கும் மௌனம் மன்னிக்கத்தக்கதன்று.

வேன் பயணிகளின் சிக்கல் பொய்யானது என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. ஒரு நாயோடு உறவினர் வீட்டுக்குச் செல்வது இந்தியாவில் உண்மையிலேயே கடினம். ரயிலில் நாயைத் தம்முடன் வைத்துக்கொள்ள விரும்புவோர் ஏசி முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதுமாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லையெனில் நாய் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் தனியே பயணிக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசி பெட்டிகளிலும் ஸ்லீப்பரிலும் அதற்கு இடமில்லை. அதாவது, பெரும்பான்மை மக்கள் ஏறும் பெட்டிகளில் விலங்கோடு பயணிக்கும் உரிமையே கிடையாது. பொதுப் போக்குவரத்து கைவிட்ட இடத்தில்தான் கேம்பர் வேன் நுழைகிறது. வசதி படைத்தவர் சொந்தச் செலவில் தப்பித்துக்கொள்கிறார்; அந்தத் தப்பித்தலுக்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டப்படுகிறது. நாயை அண்டை வீட்டில் விட்டுவிட்டுத் தாயைப் பார்க்கப் போகும் தொழிலாளியின் பயணத்தை எவரும் காணொளியாக்குவதில்லை.

அரசும் இந்தக் கனவுக்குக் கை கொடுக்கிறது. கேரளம் 2021இல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டில் மகாராஷ்டிரமும் கேரவன் சுற்றுலாக் கொள்கை வகுத்தது. சக்கரத்தின் மேல் வீடு கட்டிக்கொண்டு செல்வோர் இரவில் தங்குவதற்குப் பூங்காக்கள், மின் இணைப்பு, குடிநீர், கழிவகற்றும் ஏற்பாடு, மானியம் என எல்லாம் பேசப்படுகின்றன. இவற்றில் தவறேதுமில்லை. ஆனால் சக்கரத்தின் மேல் வீடு என்பது இந்தியாவுக்கு 2021இல் வந்த புதுமையா? ராஜஸ்தானின் காடியா லோஹார்கள் மாட்டு வண்டியையே வீடாகக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று இரும்புக் கருவிகள் செய்து கொடுத்தவர்கள். 1955 ஏப்ரலில் பிரதமர் நேரு அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். அலைந்து திரிந்த வாழ்வு முடிந்தது, இனி ஓரிடத்தில் குடியமருங்கள் என்பதே அந்நிகழ்வு சொன்ன செய்தி. அன்று வண்டிவீடு தேசத்தின் பின்தங்கிய நிலைக்கு அடையாளமாகத் தெரிந்தது. வண்டியில் மாட்டுக்குப் பதில் டீசல் எஞ்சின் பூட்டப்பட்டதும் அதுவே முன்னேற்றத்தின் அடையாளமாகிவிட்டது.

இனி விலங்குகளுக்கு வருவோம். ஹிமாச்சலின் காட்டி மேய்ப்பர்கள் குளிர்காலத்தில் தாழ்ந்த மலையடிவாரங்களிலும் கோடையில் தௌலாதார் தொடருக்கு அப்பாலுள்ள உயர் புல்வெளிகளிலும் ஆடுகளோடும் காவல் நாய்களோடும் வாழ்பவர்கள். மந்தை வசந்தத்தில் மேலேறும்போதும் இலையுதிர் காலத்தில் கீழிறங்கும்போதும் சொந்தப் பள்ளத்தாக்கைக் கடக்கிறது. ஊரிலிருக்கும் மனைவி மக்களை மேய்ப்பர் காண்பது அப்போதுதான். குடும்பத்தைக் காணும் பயணமும் மேய்ச்சல் பயணமும் அவருக்கு வேறுவேறல்ல. உத்தராகண்டின் வன குஜ்ஜர்களோ குடும்பம் முழுவதுமாக, கைக்குழந்தை முதல் முதியோர் வரை, எருமைகளோடு சிவாலிக் காடுகளிலிருந்து மலைப் புல்வெளிகளுக்கு நடக்கிறார்கள்.

இவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் இடம் எது? 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் இடம்பெயரும் சமூகங்கள் பலவற்றைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது. அச்சட்டம் 1952இல் நீங்கியது. பல மாநிலங்களில் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் அந்த இடத்தை நிரப்பியது. அலைந்து திரியும் இனத்தவர் இயல்பிலேயே தப்பியோடக்கூடியவர்கள் என்ற ஊகத்தைச் சில மாநிலச் சிறைக் கையேடுகள் இருபத்தோராம் நூற்றாண்டிலும் சுமந்திருந்தன. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் அத்தகைய விதிகளை அரசமைப்புக்கு முரணானவை என்று தள்ளியது. ராஜஸ்தானின் 2015 ஒட்டகச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக இடப்பெயர்வை ஒழுங்குபடுத்தல்' இடம்பெற்றிருக்கிறது. ஒட்டகத்தோடு மாநில எல்லையைக் கடப்பது அனுமதி கோர வேண்டிய செயலாயிற்று. ஒட்டகத்தைக் காப்பதற்கென்று வந்த சட்டம் அது. எனினும் கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012இல் சுமார் 4 லட்சமாக இருந்த நாட்டின் ஒட்டகங்கள் 2019இல் சுமார் 2.5 லட்சமாகச் சுருங்கின. வளர்ப்போரின் கால்களைக் கட்டிவிட்டு விலங்கைக் காப்பாற்ற முடியாது.

மந்தைகள் காட்டை அழிக்கின்றன, வேனிலிருக்கும் நாய் எதையும் மேய்வதில்லை என்ற பதில் உடனே எழும். பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்கா இதற்குத் தக்க பாடம். 1982இல் அங்கே கிராமத்தாரின் எருமைகள் மேயத் தடை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு, எருமைகள் இல்லாததால் புல் மண்டிச் சதுப்புநிலத்தை அடைத்துப் பறவைகளுக்கே கேடு விளைந்ததைக் காட்டியது. மேய்ச்சல் எங்கும் நன்மையே என்று இதற்குப் பொருளல்ல. மேய்ச்சல் எங்கும் தீமையே என்ற முன்முடிவு அறிவியல் அன்று என்பதே பொருள். உழவர்களுக்கு இது புதிய செய்தியுமல்ல. அறுவடை முடிந்த கொங்கண் வயல்களில் தங்கர்களின் ஆடுகள் கிடை போடுவதை அங்குள்ள விவசாயிகள் விரும்பி வரவேற்கிறார்கள்.

செல்லப் பிராணி அன்புக்குரியது, கால்நடை பிழைப்புக்குரியது, இரண்டையும் ஒப்பிடலாகாது என்பது அடுத்த மறுப்பு. வாழ்வறியாத வகைப்பாடு இது. வன குஜ்ஜர்கள் மரபாகத் தம் எருமைகளை இறைச்சிக்காகக் கொல்வதில்லை. அவற்றைப் பெயரிட்டு அழைக்கிறார்கள். ஒட்டகத்தைப் பேணவே சிவபெருமான் தங்களைப் படைத்தார் என்று ரைக்காக்கள் நம்புகிறார்கள். பிழைப்பு இருக்கும் இடத்தில் அன்பு இருக்காது என்று எண்ணுவது, பிழைப்புக்காக விலங்கை நாட வேண்டியிராத வர்க்கத்தின் கற்பனை.

ஆய்வாளர்களின் பொறுப்பு சொல்லிலிருந்தே தொடங்குகிறது. 'நாடோடி' என்பதைத் தமிழில் வசையாகக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் உண்டு. அதே சொல், மடிக்கணினி வைத்திருப்பவருக்குப் பட்டமாகும்போது, யாரிடமிருந்து அது எடுக்கப்பட்டது என்று ஆய்வுக் கட்டுரை கேட்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2026ஐப் புல்வெளிகளுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் எத்தனை துறைகள் இதை அறிந்திருக்கின்றன? வேன் வாழ்வைப் பற்றிய ஆய்வேட்டில் மேய்ச்சல் வழிகளுக்கு ஓர் அடிக்குறிப்பாவது உண்டா?

கோரிக்கைகள் எளியவை. முதலாவது, ரயிலில் எல்லா வகுப்பினரும் எட்டக்கூடிய கட்டணத்தில் விலங்குகளோடு பயணிக்கத் தனிப் பெட்டியோ பகுதியோ வேண்டும். இரண்டாவது, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு மேய்ச்சல் சமூகங்களின் பருவகால உரிமையைச் சொற்களில் ஏற்றிருக்கிறது. அதைப் பட்டாக்களிலும் வரைபடங்களிலும் ஏற்ற வேண்டும். மூன்றாவது, கேரவன் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கும் அரசு, மரபான மேய்ச்சல் வழிகளிலும் தங்கிடமும் குடிநீரும் கால்நடை மருத்துவரும் கிடைக்க வழி செய்ய வேண்டும். நான்காவது, 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடோடி, சீர்மரபினச் சமூகங்களைத் தனியே பதிவு செய்ய வேண்டும். வேனில் சுற்றுபவருக்கு எங்கோ ஒரு நிலையான முகவரி உண்டு. கணக்கில் அவர் விடுபடமாட்டார். முகவரியே வழித்தடமாகக் கொண்டவர் விடுபட்டால் அடுத்த பத்தாண்டுத் திட்டங்களிலும் விடுபடுவார்.

இந்தியாவெங்கும் தடையின்றி நடமாடும் உரிமையை அரசமைப்பின் 19ஆம் பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் வழங்குகிறது. அப்பிரிவில் வாகனத்தின் விலை குறிப்பிடப்படவில்லை. கேம்பர் வேனை நிறுத்திய இடத்தில் சுற்றுலாத் துறையும் எருமைகளை நிறுத்திய இடத்தில் வனத்துறையும் வந்து நிற்குமானால், அந்த வேறுபாட்டை விளக்கும் கடமை ஆய்வாளர்களுடையது. அதைச் செய்யாமல் சுதந்திரம் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பயண விளம்பரங்களே.