சிற்றுண்டியும் சிறைச்சாலையும்

கும்மிடிப்பூண்டியில் மின்தொடர் வண்டி ஏறி, மாணாக்கரோடு சென்னை காணச் சென்றோம். வண்டி நிறைய சிப்காட் ஆலைத் தொழிலாளர். வாரமெல்லாம் வெந்தவர்கள், ஒருநாள் இன்பம் தேடி வந்தவர்கள். கையிலிருந்த வழிகாட்டி ஏடோ மூன்றையே முழங்கிற்று: திருவல்லிக்கேணிச் சிற்றுண்டி, மயிலைக் கோபுரம், மார்கழிக் கச்சேரி!

சுவைக்க வேண்டாம் என்கிறோமா? இல்லை. நாமும் உண்டோம், இட்டிலி இனிதே! ஆனால் 1941 வரை இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் சாதி பார்த்து இடம் பிரித்தார்களே, அதை அவ்வேடு சொல்கிறதா? 1957இல் இதே திருவல்லிக்கேணியில், முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அகற்றப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறையேகினரே, அதைச் சொல்கிறதா?

கச்சேரியில் தமிழ்ப்பாட்டு ‘துக்கடா’வாகக் கடைசியில் ஒதுங்கி நின்ற நாளில், அதை எதிர்த்து 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததே, அது எந்தப் பக்கத்தில்? நம் சிற்றூர்களில் விடிய விடிய ஆடும் தெருக்கூத்து கலையே இல்லையாம்! 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் நடுவே தொடங்கிய விழா, பறையையும் கர்நாடக இசையையும் ஒருங்கே ஒலிக்கச் செய்தது. கோபுரத்தின் உயரத்தை அடிக்கணக்கில் அளந்த ஏடு, அந்தக் குப்பத்துக்கு வழிகூடக் காட்டவில்லை.