தூங்கும் மிச்சமும் விழித்திருக்கும் மிச்சமும்

“நீக்கிய மென்பொருள்களின் மிச்சம் ரெஜிஸ்ட்ரியில் குவிந்து கிடக்கிறது. அதனால்தான் உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாகிறது. ஒரு கிளீனரைப் போட்டுத் துடையுங்கள், புதுசுபோல் ஓடும்.” பழுதுபார்க்கும் கடைகளிலும் யூடியூப் வீடியோக்களிலும் பல ஆண்டுகளாக இதே பேச்சுதான். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதை நம்பி ஒரு கிளீனருக்கு ஆண்டுச் சந்தா கட்டினார். “தம்பி, ஆயிரத்துக்கு மேல பிழை இருக்குன்னு காட்டுச்சு. எல்லாத்தையும் சரிபண்ணிட்டேன். அப்பவும் ஆன் ஆக நாலு நிமிஷம் ஆகுதே, ஏன்?” என்று கேட்டார். ஓய்வூதியத்திலிருந்து கொடுத்த பணம். அந்தக் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

முதலில் ‘ரெஜிஸ்ட்ரி பெருத்தால் வேகம் குறையும்’ என்ற வாதம். ரெஜிஸ்ட்ரி என்பது கிளை கிளையாகப் பிரியும் ஓர் அமைப்புப் பதிவேடு. ஒரு நிரல் தனக்கு வேண்டியதைக் கேட்கும்போது முழு முகவரியோடுதான் கேட்கிறது. கதவு எண் தெரிந்த தபால்காரர், ஊரில் எத்தனை வீடு பூட்டிக்கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. யாரும் கேட்காத பதிவை விண்டோஸ் தேடிப் போய்ப் படிப்பதும் இல்லை. அளவைப் பாருங்கள்: ஆயிரம் பழைய பதிவுகள் சேர்ந்தாலும் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்தான். கைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பெரிது. திரையில் சிவப்பில் மின்னும் ‘1,000 பிழைகள்’ என்ற எண்ணுக்கும் கம்ப்யூட்டரின் வேகத்துக்கும் தொடர்பு இல்லை.

‘துடைத்தால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்பார்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். எந்தப் பதிவு யாருக்கு வேண்டும் என்பதை வெளியிலிருந்து ஒரு கருவி ஊகிக்கத்தான் முடியும். ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்டே ரெக்கிளீன் என்ற கருவியைக் கொடுத்து, பிறகு விலக்கிக்கொண்டது. இத்தகைய கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை, அவற்றால் வரும் கோளாறு விண்டோஸை மீண்டும் நிறுவும் அளவுக்குப் போகலாம் என்பதுதான் இன்று அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ‘இன்ஸ்டாலர்’ என்ற ஃபோல்டரைக் குப்பை என்று அழித்தவர்கள், பிறகு சில மென்பொருள்களைப் புதுப்பிக்கவும் முடியாமல் நீக்கவும் முடியாமல் தவிக்கிறார்கள். நீக்குவதற்குத் தேவையான கோப்புகளே அங்கேதான் இருக்கின்றன.

துடைக்கும் கருவியே வாசலாகிவிடும் ஆபத்தும் உண்டு. 2017 ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை வினியோகமான சிகிளீனர் 5.33 பதிப்பில், தயாரிப்பாளருக்கே தெரியாமல் தீநிரல் கலந்திருந்தது. சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. நேர்மையான, பேர்பெற்ற கருவிக்கே இந்தக் கதி. தேவையில்லாத ஒன்றுக்கு நிர்வாகி அதிகாரம் கொடுப்பது சின்ன விஷயமல்ல.

அப்படியானால் மிச்சத்தால் கெடுதலே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது கிளீனர் காட்டும் இடத்தில் இல்லை. தூங்கும் மிச்சம் வேறு, விழித்திருக்கும் மிச்சம் வேறு. தானாகத் தொடங்கும் நிரல், சர்வீஸ், டிரைவர், டாஸ்க் ஷெட்யூலரில் வைத்துவிட்டுப் போன வேலை, மாற்றிவைத்த பிராக்ஸி அமைப்பு, சேர்த்துவிட்ட சான்றிதழ் ஆகியவையே விழித்திருப்பவை.

இதற்கு 2015 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்த சூப்பர்ஃபிஷ் விவகாரத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. லெனோவா தன் லேப்டாப்களில் முன்கூட்டியே போட்டு விற்ற விளம்பர மென்பொருள் அது. பாதுகாப்பான இணையதளங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைப்பதற்காக, தன் சொந்த மூலச் சான்றிதழை விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவைத்தது. அதன் ரகசியச் சாவி எல்லா லேப்டாப்களிலும் ஒன்றே. ஆய்வாளர்கள் அதை வெகுவிரைவில் பிரித்தெடுத்துவிட்டார்கள். சாவி கையில் உள்ள எவரும் உங்கள் வங்கித் தளம்போல் நடிக்கலாம், பிரவுசரும் நம்பிவிடும். மென்பொருளை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் சான்றிதழ் அங்கேயே இருந்தது. கடைசியில் விண்டோஸ் டிஃபெண்டருக்கு அப்டேட் கொடுத்து, மென்பொருளையும் சான்றிதழையும் சேர்த்து அகற்ற வேண்டியிருந்தது. இல்லாத கோப்பைச் சுட்டும் பதிவுகளையே கிளீனர் பிழை என்று எண்ணும். குறையில்லாமல் முழுசாக இருக்கும் சான்றிதழ் அதன் கணக்கில் வராது.

ஆன்டிவைரஸும் இப்படித்தான். நீங்கள் ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் குறுக்கே நின்று பார்க்கும் டிரைவர் அதற்கு உண்டு. நீக்கம் பாதியில் நின்று அந்த டிரைவர் தங்கிவிட்டால், அடுத்த ஆன்டிவைரஸோடு மோதும், இணையமும் அறுந்துபோகலாம். அதனால்தான் நார்ட்டன், மெக்காஃபி, காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட் எல்லாமே தங்களை நீக்குவதற்கென்று தனிக் கருவி வைத்திருக்கின்றன. அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து ஓட்டினால் போதும், பணம் வேண்டாம்.

மற்றவற்றைப் பார்க்க மைக்ரோசாஃப்டின் இலவச ஆட்டோரன்ஸ் இருக்கிறது. தானாகத் தொடங்கும் அனைத்தையும் அது பட்டியலிடும். மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைத்துவிட்டுப் பாருங்கள். மஞ்சளாகத் தெரியும் வரிகள் கோப்பு இல்லாதவை, பெரும்பாலும் அவற்றால் கவலையில்லை. கோப்பு இருந்தும் உங்களுக்கு அடையாளம் தெரியாத வரியை விசாரியுங்கள். உடனே அழிக்காமல் முதலில் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

‘இடத்தை அடைக்கிறதே’ என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் இடம் அடைப்பது ரெஜிஸ்ட்ரி அல்ல, ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா ஃபோல்டர்கள். பழைய விளையாட்டு ஒன்றே அங்கே பல ஜிபி விட்டுப்போகலாம். பெயரைப் பார்த்துக் கையால் அழிக்கலாம். கம்ப்யூட்டரை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் அது போதாது: ‘ரீசெட் திஸ் பிசி’யில் எல்லாவற்றையும் நீக்கி, டிரைவையும் சுத்தம் செய்யும் தெரிவை எடுக்க வேண்டும்.

ஆசிரியையின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். சந்தாவை ரத்து செய்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி வாங்கச் சொன்னேன். பழைய டிஸ்கில் இருந்ததை ஒரு கோப்பு விடாமல் அப்படியே அதற்கு நகலெடுத்தோம். விண்டோஸைப் புதிதாகப் போடவில்லை, எதையும் துடைக்கவும் இல்லை. நீக்கிய மென்பொருள்கள் விட்டுப்போன பதிவுகளும் ஃபோல்டர்களும் கூடவே வந்துசேர்ந்தன. நாலு நிமிடம் எடுத்த கம்ப்யூட்டர் அரை நிமிடத்துக்குள் திறந்தது. “அந்தப் பிழையெல்லாம் போயிடுச்சா தம்பி?” என்றார். “இல்ல டீச்சர், எல்லாம் உள்ளதான் இருக்கு” என்றேன்.