விஸ்லருக்குச் செய்த பலகையும் எங்கட சின்ன மலையும்

நேரே விசயத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் ஸ்னோபோர்ட் ஓடுகிற எங்கட பிள்ளைகளில் கனபேர், தாங்கள் ஓடுகிற மலைக்கும் தங்கட உடம்புக்கும் சம்பந்தமில்லாத ஒரு பலகையைக் காலில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதில் அவர்களுடைய பிழை அதிகம் இல்லை. யூடியூப்பில் பார்ப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவும் ஜப்பானும். இடுப்பளவு பனி, மரங்களுக்கு நடுவே ஒருவன் வளைந்து வருகிறான், பலகையின் மூக்கு மேலே மிதக்கிறது, பின்னால் புகை மாதிரிப் பனி எழும்புகிறது. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தப் பலகை அந்த வடிவத்தில் இருப்பதற்குக் காரணம் அந்த இடுப்பளவு பனி. எங்களிடம் அது இல்லை.

எங்களிடம் என்ன இருக்கிறது? பாதர்ஸ்ட்–ஷெப்பர்ட் பக்கம் ஏர்ல் பேல்ஸ் பார்க், எற்றோபிக்கோவில் சென்டெனியல் பார்க். இரண்டும் மாநகரசபை நடத்துகிற சின்னச் சரிவுகள். ஏஜாக்ஸ், விட்பி ஆட்களுக்கு அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் லேக்ரிட்ஜ். 400 நெடுஞ்சாலையில் பாரி தாண்டிப் போனால் மவுண்ட் சென்ட் லூயிஸ் மூன்ஸ்டோன். காலை வெள்ளன எழும்பி இரண்டு மணித்தியாலம் ஓடத் தயாரென்றால் கொலிங்வுட்டில் புளூ மவுண்டன். இதற்குள் பெரியது என்று நாங்கள் சொல்கிற அந்தப் புளூ மவுண்டனின் செங்குத்து உயரம் 219 மீட்டர். சி.என். கோபுரம் 553 மீட்டர். மலையைக் கொண்டுபோய்க் கோபுரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பாதிக்கும் வராது. விஸ்லர் பிளாக்கோம்பில் மேலிருந்து கீழே 1600 மீட்டர் இறக்கம். இரண்டையும் ‘மலை’ என்று ஒரே சொல்லால் சொல்வதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது.

பனியும் அப்படித்தான். ஜோர்ஜியன் வளைகுடாப் பக்கம் ஏரிக் காற்று சில நாள் நல்ல பனியைக் கொட்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கட சரிவுகளில் காலுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் இயந்திரம் தூவின பனி. தை மாதத்தில் ஒரு நாள் மழை பெய்யும், இரவு உறையும், அடுத்த நாள் சனி. நீங்கள் ஓடப்போவது அந்தச் சனிக்கிழமையில்தான். ஒன்பது மணிக்கு உருட்டிவிட்ட வரிவரியான பனி, பதினொரு மணிக்குச் சனம் சுரண்டி முடித்த ஐஸ்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வடிவத்தைப் பாருங்கள்.

அடிப்படையில் மூன்று வகை. ட்வின் என்றால் மூக்கும் வாலும் ஒரே நீளம், ஒரே வடிவம், ஒரே விறைப்பு. கால் வைக்கிற இடம் சரி நடுவில். முன்னுக்கும் ஓடலாம், திருப்பி ‘ஸ்விட்ச்’ ஆகவும் ஓடலாம், பலகைக்கு வித்தியாசம் தெரியாது. டிரெக்ஷனல் என்றால் மூக்கு நீளம், வால் கட்டை, நிற்கிற இடம் கொஞ்சம் பின்னுக்கு, வால் பெரும்பாலும் கூட விறைப்பு. ஒரு பக்கமாக, வேகமாக, உறுதியாக ஓடச் செய்தது. இரண்டுக்கும் நடுவில் டிரெக்ஷனல் ட்வின். பார்க்க ட்வின் மாதிரி இருக்கும், ஆனால் நிற்கிற இடம் ஒன்றிரண்டு சென்ரிமீட்டர் பின்னுக்குப் போயிருக்கும், அல்லது வால் சற்று விறைப்பாக இருக்கும். கடையில் ‘எல்லாத்துக்கும் சரி’ என்று சொல்லி விற்பது அநேகமாக இதைத்தான்.

டிரெக்ஷனலுக்குள்ளேயே இன்னொரு விசயம் டேப்பர். அதாவது மூக்கின் அகலத்தைவிட வாலின் அகலம் குறைவு, ஒரு 10, 20 மில்லிமீட்டர். ஆழமான பனியில் ஒடுங்கின வால் தாழும், அகலமான மூக்கு தானாக மிதக்கும், உங்கட பின்னங்கால் தொடை நோகாது. அருமையான யோசனை. ஆனால் கட்டிப் பனியில் தாழ என்ன இருக்கிறது? வால் தாழாது. வளைவின் முடிவில் பிடிப்புக் குறைந்து வழுக்கும், அவ்வளவுதான். மீன்வால் மாதிரி வெட்டின பலகைகளுக்கும் இதே கதை. சுவரில் மாட்ட வடிவாக இருக்கும்.

சரித்திரத்தைப் பார்த்தாலும் ஓட்டம்தான் முதல் வந்தது, வடிவம் பிறகு வந்தது. 1965இல் மிச்சிகனில் ஷேர்மன் பொப்பன் என்ற ஒருவர் தன் பிள்ளைகளுக்காக இரண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டி ‘ஸ்னர்ஃபர்’ செய்தார். பனியில் சர்ஃபிங் என்பதுதான் அந்தப் பெயரின் கருத்து. 1977இல் ஜேக் பேர்ட்டன் வெர்மொன்டில் கொம்பனி தொடங்கினார். அந்தக் காலத்துப் பலகைகள் கடற்பலகையின் பிள்ளைகள், அதனால் முன்னுக்கு மட்டும்தான் ஓடும். பிறகு ஸ்கேட்போர்ட் பெடியள் வந்தார்கள். சுழன்றார்கள், பின்பக்கமாக இறங்கினார்கள், அவர்களுக்கு வாலும் இன்னொரு மூக்காக வேண்டியிருந்தது. ட்வின் அப்படித்தான் பரவியது. 1998இல் நகானோவில் ஸ்னோபோர்ட் முதன்முதல் ஒலிம்பிக்குக்கு வந்தபோது தங்கம் எடுத்த எங்கட நாட்டுக்காரர் ரொஸ் ரெபலியாட்டி ஓடியது ஜயன்ட் ஸ்லாலம். அதற்கு ஒடுங்கின, விறைப்பான, ஒரு பக்கம் ஓடுகிற பலகை. அதே ஒலிம்பிக்கில் ஹாஃப்பைப் ஓடினவர்கள் அந்தப் பலகையைத் தொட்டும் பார்த்திருக்கமாட்டார்கள். இரண்டு பேரும் சரி. வேலை வேறு, ஆயுதம் வேறு.

அப்ப உங்கட வேலை என்ன? இதைத்தான் கடையில் யாரும் உங்களிடம் கேட்பதில்லை. ‘உயரம் எவ்வளவு?’ என்று கேட்பார்கள், பலகையை நாடிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். நாடி அளவு ஒரு பழைய பழக்கம். பலகைக்கு உங்கட உயரம் தெரியாது, உங்கட பாரம்தான் தெரியும். அதை வளைப்பது அந்தப் பாரம்.

என் ஒன்றுவிட்ட அக்காவின் மகன், பதினாறு வயது, 58 கிலோ. பள்ளிக்கூடம் முடிய கோப்பிக் கடையில் நின்று சேர்த்த காசில் இணையத்தில் செக்கன்ட்ஹாண்டாக ஒரு பலகை வாங்கினான். 158 சென்ரிமீட்டர், டிரெக்ஷனல், நல்ல விறைப்பு, டேப்பர் வேறு. பிரபலமான மொடல், விலையும் நல்ல மலிவு. இரண்டு முறை போனான். பிறகு பலகை கராஜில். ‘எனக்கு இது சரிவராது மாமா’ என்றான். அக்கா ‘நான் அப்பவே சொன்னன், இது எங்களுக்கு ஏத்த விளையாட்டில்லை’ என்றா. எனக்குக் கோபம் வந்தது அந்த வசனத்தில்தான். விளையாட்டு ஏற்காமல் இல்லை. அந்தப் பலகையை வளைக்க எண்பது கிலோ வேண்டும். அவன் பாரத்துக்கு அது வளையவே இல்லை, வளையாத பலகை திரும்பாது. அடுத்த கிழமை 149 ட்வின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் திரும்பினான். அது திறமை வந்ததால் இல்லை, அது வெறும் இயந்திரவியல்.

எங்கட வீடுகளில் இது முக்கியம். அம்மா அப்பா ஓவர்டைம் செய்த காசில் வாங்கின பொருள் ஒன்று கராஜில் கிடந்தால், அடுத்த வருசம் தங்கச்சி கேட்கும்போது பதில் ‘இல்லை’. ஒரு பிழையான வடிவம் இரண்டு பிள்ளைகளை மலையிலிருந்து இறக்கிவிடும்.

என் கருத்து இது: இந்த மாகாணத்தில், முதல் ஐந்து வருசம், ட்வின் வாங்குங்கள். நடுத்தர விறைப்பு, உங்கட பாரத்துக்கு ஏற்ற நீளம். காரணம் எளிது. ஏர்ல் பேல்ஸில் ஒரு இறக்கம் ஒரு நிமிசத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரம் லிஃப்ட் வரிசை. அந்தச் சின்னச் சரிவில் வேகத்தால் சந்தோசம் வராது. திரும்பி ஓடிப் பழகுவது, சின்னத் துள்ளல், பெட்டியில் சறுக்குவது, சுழல்வது, இவற்றால்தான் வரும். ட்வின் இருந்தால் ஒரே சரிவு இரண்டு சரிவாகிறது: ஒருமுறை இடக்கால் முன்னுக்கு, அடுத்தமுறை வலக்கால் முன்னுக்கு. இன்னொன்று, எந்தக் கால் முன்னுக்கு வரவேண்டும் என்று தொடக்கத்தில் கனபேருக்குத் தெரியாது. ட்வினில் கால்களை வாத்து மாதிரி வெளிப்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தால், பிழையென்று விளங்கின உடனே மறுபக்கமாக ஓடிப் பார்க்கலாம். ஸ்க்ரூட்ரைவர் தேவையில்லை.

சின்ன மலையைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம். மூன்று ஒலிம்பிக்கில், 2014, 2018, 2022, ஸ்லோப்ஸ்டைலில் வெண்கலம் எடுத்த மார்க் மக்மொரிஸ் ரெஜைனாக்காரர். சஸ்காச்சுவான். தட்டை மாகாணம்.

இதற்கு எதிராக என் நண்பன் ஒருவன் சொல்வது: ‘நீ நூறில் தொண்ணூறு முறை முன்னுக்குத்தானே ஓடுறாய், பிறகு எதுக்கு ட்வின்?’ நியாயமான கேள்வி. அவன் புளூ மவுண்டனில் விடியக் காலை முதல் லிஃப்டில் ஏறி, சனம் வரமுதல் உருட்டின பனியில் ஆழமாகச் சாய்ந்து கோடு கீறுகிறவன். அவனுக்கு டிரெக்ஷனல் கம்பர் சரி, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு இஞ்சினியரிங் கணக்கும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பலகையின் பக்கவாட்டு வளைவின் ஆரை 8 மீட்டர் என்றால், அதை 60 பாகை சாய்த்து ஓடினால் பனியில் வருகிற வளைவு கிட்டத்தட்ட 4 மீட்டர். ஆரையை கொசைனால் பெருக்கினால் வரும். அந்தச் சாய்வில் நிற்க வால் விறைப்பாக இருந்து பிடிக்கவேண்டும். 60 பாகை சாய்கிறவர்களுக்கு நான் எழுதவே தேவையில்லை, அவர்களுக்குத் தங்கட பலகை தெரியும்.

மேலிருந்து பார்க்கிற வடிவத்தைவிட, பக்கத்தில் இருந்து பார்க்கிற வடிவம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி எங்கட பிள்ளைகள் கதைப்பது குறைவு. கம்பர் என்றால் நடுப்பகுதி வில் மாதிரி மேலே எழும்பியிருக்கும், நீங்கள் ஏறி நின்றால் விளிம்பு முழுவதும் பனியை அழுத்தும். ரொக்கர் என்றால் மறுவளமாக, வாழைப்பழம் மாதிரி. தொடங்குகிறவர்களுக்கு ரொக்கர் சுகம், விளிம்பு கொழுவாது என்று விற்பார்கள். மென்பனியில் உண்மை. எங்கட சனிக்கிழமை ஐஸில் அது சவர்க்காரம். இரண்டையும் கலந்த வகையில், கால்களுக்குக் கீழே கம்பரும் நுனிகள் மேலெழும்பியும் இருப்பதை எடுங்கள். விளிம்பை அலை அலையாகச் செய்து ஐஸைக் கடிக்கவைக்கிற பலகைகளும் உண்டு, லிப் டெக்கின் மக்னி-டிராக்ஷன் அந்த வகை. வேலை செய்கிறது. ஆனால் மழுங்கின விளிம்புக்கு எந்த வடிவமும் மருந்தில்லை. சீசனுக்கு இரண்டு மூன்று முறை விளிம்பைத் தீட்டுங்கள். புதுப் பலகைக்கு 600 டொலர் கொடுக்கிறவர்கள் இதற்கு யோசிப்பது எனக்கு விளங்குவதே இல்லை.

அகலம். இது எங்கட உடம்புகளுக்கு முக்கியம். பூட்ஸ் அளவு பெரிதாக இருந்தால் விரல் பக்கம் பனியில் தட்டும், அதற்கு அகலமான பலகை வேண்டும். எங்களில் கனபேருக்குப் பிரச்சினை மறுபக்கம்: கால் சின்னன், பலகை அகலம். விரலும் குதியும் விளிம்புக்கு எட்டாது. ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு மாற்ற ஒரு யுகம் எடுக்கும், நீங்கள் ‘எனக்கு வேகம் காணாது’ என்று நினைப்பீர்கள். தங்கச்சிமார், அண்ணாவின் பழைய பலகையை வாங்கி ஓடவேண்டாம். பெண்களுக்கான பலகை என்பது நிறத்தைப் பற்றியது அல்ல, அது இடுப்பு ஒடுங்கியது, குறைந்த பாரத்துக்கு வளைவது. தம்பிமார், 55 கிலோவும் சின்னக் காலும் என்றால் நீங்களும் அதையே பாருங்கள். நண்பர்கள் சிரிப்பார்கள். மேலே படத்தில் பூ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

இப்போது புதுசாகக் கட்டையும் அகலமுமாக வருகிற பலகைகள் பெரிய பூட்ஸ்காரருக்கு உதவும். விரல் பக்கமும் குதிப் பக்கமும் வேறு வேறு வளைவுள்ள அசிமெட்ரிகல் ட்வின், குதிப் பக்கம் திரும்பக் கஷ்டப்படுகிறவர்களுக்கு நல்லது. இரண்டும் இரண்டாவது பலகைக்கான யோசனைகள்.

காசு அளவாக இருந்தால் முதலில் பூட்ஸ், பிறகு தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும், கடைசியாகப் பலகை. தொடங்குகிறவர்களுக்கு அதிகம் முறிவது மணிக்கட்டு. அம்மாவுக்கு முறிவு பற்றிப் பயம் என்றால் அவ பிழையில்லை, காப்பை வாங்கிக் காட்டுங்கள். பலகையை இரண்டு மூன்று முறை வேறு வேறு அளவில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், எண்களைத் தொலைபேசியில் குறித்து வையுங்கள்: நீளம், இடுப்பு அகலம், எந்த வகை.

பங்குனி பிறந்தால் கடைகளில் விலை விழத்தொடங்கும். அப்போது சுவர் நிறைய நிற்பது 160க்கு மேற்பட்ட விறைப்பான டிரெக்ஷனல்கள்தான், பாதி விலை ஒட்டியிருக்கும், கை போகும். 149, 152 ட்வின் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் உள்ளே ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதனால் சனிக்கிழமை வரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம்.