“உனக்கு எது பிடிக்கும்?” என்ற உபதேசம்

பரீட்சை முடிவு வெளிவந்ததும் பெரம்பலூரிலும் அரியலூரிலும் உபதேசிகளின் பருவம் ஆரம்பமாகிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் வழிகாட்டிக் கூட்டம். பஸ்ஸின் முதுகில் கல்லூரி விளம்பரம். வீட்டுத் திண்ணையில் கமிஷன் ஏஜெண்டு. மேடை ஏறிய கனவான் மாணவனைப் பார்த்துக் கேட்கிறார்: “தம்பி, உனக்கு எது பிடிக்கும்? உன் மனத்தைக் கேள், அதன்படி பாடத்தைத் தேர்ந்தெடு!” பையன் விழிக்கிறான். உடனே, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

குழப்பம் பையனிடம்தான் இருக்கிறதா? நாம் கேட்கிறோம்.

முடிவு செய்த ஒரு பெண்ணை இந்த ஜில்லா நன்றாக அறியும். அரியலூர் மாவட்டம் குழுமூர் கிராமத்து அனிதா. தகப்பனார் மூட்டை தூக்கும் தொழிலாளி. 2017-ல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மார்க். மருத்துவத்துக்கான கட்-ஆஃப் 200-க்கு 196.75, பொறியியலுக்கு 199.75. “உனக்கு எது பிடிக்கும்?” என்று அவரிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஆக வேண்டும் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். பன்னிரண்டு வருஷப் படிப்பை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, வேறு பாடத்திட்டத்தில், பணம் கொடுத்துப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தோதான நீட் என்ற ஒரே ஒரு பரீட்சையை அவர் முன்னால் வைத்தார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போய் வாதாடினார். ஆகஸ்டு 22-ந் தேதி கோர்ட் உத்தரவு நீட்டின்படிதான் என்று ஆயிற்று. செப்டம்பர் 1-ந் தேதி அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். எந்தப் பரீட்சையும் ஓர் உயிருக்கு ஈடாகாது என்பதை இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்கிறோம். ஆனால் மனத்தைக் கேட்கச் சொல்லும் கனவான்களே, மனத்தைக் கேட்டு முடிவு செய்தவருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

2022 ஜனவரியில் அரியலூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயரையும் வைத்தார்கள். பெயர் வைத்தது நல்லதுதான், வாசல்? நீட் விலக்கு மசோதாவைச் சட்டசபை 2021-ல் ஒரு முறை, 2022-ல் மறுமுறை நிறைவேற்றியது. ஜனாதிபதி ஒப்புதல் மறுக்கப்பட்டது என்ற செய்தி 2025 ஏப்ரலில் சட்டசபைக்கு வந்து சேர்ந்தது.

சரி, உண்மையிலேயே முடிவு செய்யாத பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பார்க்காத ஒன்று எப்படிப் பிடிக்கும்? அரியலூர் மண் ஒரு காலத்தில் கடல். கடற்பிராணிகளின் ஓடுகள் இன்றும் கல்லோடு கல்லாகக் கிடைக்கின்றன. பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் 1860-களிலேயே இந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதினார். அதிலிருந்து பாறை அடுக்குகளைப் பற்றிய புத்தகங்களில் ‘அரியலூர்’ என்பது ஒரு பெயராகவே நிலைத்துவிட்டது. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரம் கல்லாகிக் கிடக்கிறது, 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் அதை உலகுக்குச் சொன்னார். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்டு. அரசின் ஆலை 1979-ல் வந்தது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் நிற்கின்றன.

எங்கெங்கோ இருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து, குனிந்து கல் பொறுக்கிப் போகிறார்கள். சுரங்கத்து லாரிப் புழுதியைத் தின்று வளர்கிற நம் பிள்ளைக்கோ, இந்தக் கல்லைப் படிக்க நிலவியல் என்று ஒரு பட்டப் படிப்பு இருக்கிறது, திருச்சி தேசியக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் அதைச் சொல்லித் தருகிறார்கள் என்று எந்த மண்டபத்தில் சொன்னார்கள்? அவன் காதில் விழுவதெல்லாம் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்! எந்த இடம் விற்க வேண்டுமோ அந்தப் பாடம்தான் ஏஜெண்டின் வாயில் வரும். கல்லை அறிந்தவன் சுரங்கத்துக்குள் போனால் கேள்வி கேட்பான் என்ற பயமும் சிலருக்கு இருக்கலாம்.

இன்னொரு மோசம், பதினைந்து வயதில் நடக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதே பாதி விதியை எழுதிவிடுகிறது. உயிரியல் இல்லாதவனுக்கு மருத்துவம் இல்லை. கணக்கு இல்லாதவனுக்கு நினைத்த பொறியியல் இல்லை. கிராமத்துப் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லையென்றாலோ, வாத்தியார் இல்லையென்றாலோ, பையனின் ‘விருப்பம்’ அங்கேயே முடிந்தது. பஸ் வசதி எந்தப் பள்ளிக்கு இருக்கிறதோ அதுதான் பெண் பிள்ளையின் விருப்பம்!

ஏழைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை அந்த மேடைகளில் அடக்கி வாசிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007-லிருந்து கிடையாது; பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்திலும், 2021-ல் பொறியியல், விவசாயம், கால்நடை, சட்டம் முதலிய படிப்புகளிலும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியே பொறியியல் போன்ற படிப்பில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் 2022-லும், ஆண்களுக்கு 2024-லும் ஆரம்பமாயிற்று. இது யாரும் போட்ட பிச்சையல்ல, ஜனங்களின் வரிப்பணம். கூச்சமில்லாமல் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்டு வந்தால், “கலந்தாய்வு இடமா, நிர்வாக இடமா? கட்டணத்துக்கு ரசீது உண்டா?” என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அநேகமாக அவர் காபி குடிக்காமலே எழுந்துவிடுவார்.

பிள்ளையை உட்கார்த்தி உபதேசம் செய்ய வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலேயே சாத்தனூருக்கும், வாரணவாசி அருங்காட்சியகத்துக்கும், செட்டிகுளம் சின்ன வெங்காய வயலுக்கும், கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கும் பள்ளிக்கூடமே அழைத்துப் போகட்டும். பார்த்த பிறகு கேளுங்கள், எது பிடிக்கும் என்று.

இரு மாவட்டக் கல்வி அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறோம். எந்தெந்த மேல்நிலைப் பள்ளியில் எந்தெந்தப் பிரிவு இல்லை, எந்த ஆசிரியர் இடம் எத்தனை மாதமாகக் காலி என்ற பட்டியலை, ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே ஒவ்வொரு பள்ளியின் வெளிச்சுவரிலும் ஒட்டுங்கள்.